நைனாவின் முதுகு

“முதுகுப் பக்கம் திருப்பாத, அம்சா. அதை ஆம்பிளைங்க வந்து பாத்துக்குவாங்க.”

வள்ளியம்மாள் இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். அம்சவேணி காதில் வாங்காதவளாக வெந்நீர்க் குண்டானைக் கால்மாட்டிலிருந்து இடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்தாள். தாடைக்குத் துணி கட்டியாயிற்று. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியாயிற்று. கண்களை மூடி ஈரப்பஞ்சு வைத்தாயிற்று. உயிர் போகும்போது வேட்டி நனைந்திருந்தது. அந்த ஈரத்தோடு அப்பாவைக் கிடத்திவிட்டு ஊரைக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. நர்ஸ் வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் முகம் தெரியாத எத்தனையோ பேருக்குச் செய்த காரியம்தான். கை தானாகவே வேலை செய்துகொண்டிருந்தது. அது அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

“ஈரத்தோட கிடக்கிறாரும்மா. நீ அந்தத் தோளை மட்டும் பிடி, போதும்.”

“சட்டையைக் கழட்டாதன்னு சொல்றேன் இல்ல.”

அம்சவேணி தலை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் குரலில் இருந்தது அழுகை இல்லை. அழுகை அரைமணி நேரத்துக்கு முன்பே வந்து ஓய்ந்திருந்தது. இது வேறு. ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்க்கப் போகும்போது பிள்ளைகள் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி ஒரு பயம்.

அவள் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். இந்த மூன்று வருஷமாக நைனா வீட்டுக்குள்ளும் சட்டையோடுதான் இருந்தார். சித்திரை வெயிலில்கூட. நர்சம்மாவின் அப்பா என்று ஊரில் ஒரு மரியாதை வந்துவிட்டது, அதனால்தான் என்று அவள் நினைத்திருந்தாள். ஒருமுறை கேலியும் செய்திருக்கிறாள்.

இடது தோளையும் இடுப்பையும் பிடித்து, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி தன் பக்கமாகச் சாய்த்து, சட்டையைத் தோளிலிருந்து கீழே இறக்கினாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும், அரையணா அகலத்தில் வட்ட வட்டமாகச் சூடு போட்ட தழும்புகள். மேலே இருந்தவை வெளுத்துத் தோலோடு தோலாகப் போயிருந்தன. நடுவில் இருந்தவை இன்னும் சிவப்பு மாறாமல் பளபளத்தன. கீழே இரண்டு, மூடவே இல்லை. ஏதோ பச்சிலையும் மஞ்சளும் அரைத்து அப்பி, அது காய்ந்து சட்டைத் துணியோடு ஒட்டியிருந்தது. புண்ணைப் பார்த்தால் அதன் வயசு சொல்ல அவளுக்குத் தெரியும். மேலே இருந்தவற்றுக்கு இரண்டரை, மூன்று வருஷம். கீழே இருந்தவற்றுக்கு இருபது நாள்கூட இருக்காது.

“யாரு போட்டது?”

வள்ளியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அணைக்கட்டு ஊருல ஒரு வைத்தியரு,” என்றாள் கடைசியில். “உங்க நைனாதான் உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு.”

அம்சவேணி எழுந்து போய் அலமாரியிலிருந்து தன் பையை எடுத்து வந்தாள். பஞ்சை வெந்நீரில் நனைத்து, ஒட்டியிருந்த துணியை ஊறவைத்துப் பிய்க்காமல் எடுத்தாள். பச்சிலையைச் சுரண்டாமல் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். டெட்டால் கலந்த தண்ணீரில் இரண்டு புண்ணையும் கழுவி, மருந்து தடவி, மெல்லிய துணியை நாலாக மடித்து வைத்து, பிளாஸ்திரியைக் கத்தரித்து நான்கு ஓரமும் ஒட்டினாள்.

“செத்தவருக்கு எதுக்குடி மருந்து,” என்றாள் வள்ளியம்மாள். கேள்வியாக இல்லை. சொல்லிவிட்டு, தானே முன்வந்து, கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

* * *

பச்சையப்பன் இருபத்தாறு வருஷம் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சதை எடுக்கும் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி வந்த தோலைச் சாய்த்து நட்ட மரத்தின்மேல் விரித்து, வயிற்றால் அதை மரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரு பக்கமும் கைப்பிடி வைத்த கத்தியால் ஒட்டியிருக்கும் சதையை வழித்துத் தள்ள வேண்டும். காலையில் குனிந்தால் பகல் சங்கு ஊதும்போதுதான் நிமிர்வது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் ஒரு மழை நாள், நனைந்த எருமைத்தோலைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது தொட்டி ஓரத்தில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. வேலூரில் படம் பிடித்துப் பார்த்தவர்கள் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாத இடத்தில் வலி மட்டும் இருந்தது. அதோடு நாலு வருஷம் குனிந்து பார்த்துவிட்டு, முடியாமல் வேலையை விட்டார்.

அம்சவேணி படிப்பை முடித்து, ஆம்பூரிலிருந்து நாலு மைலில் புதிதாகத் திறந்த சுகாதார நிலையத்துக்கு நர்ஸாக வந்தது ஐம்பத்தைந்தில். அப்பாவையும் அம்மாவையும் கூட்டி வந்து பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று இடத்தில் வந்து நின்று போயிருந்தது. அதைப் பற்றி அவள் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நிலையத்தில் அவள் கண்ணில் முதலில் பட்டவர்கள், வரிசையில் கடைசியில் நின்றவர்கள்தான். காய்ச்சல்காரனுக்கு மருந்து உண்டு. அடிபட்டவனுக்குக் கட்டு உண்டு. ஐந்து வருஷமாக இடுப்பு வலிக்குது, முழங்கால் வலிக்குது என்று வருகிறவர்களை டாக்டர் என்ன செய்வார்? காலையில் நூறு பேரைப் பார்க்க வேண்டியவர். நாலு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவர்களும் வாங்கிக்கொண்டு போய், அடுத்த மாதம் அதே இடத்தில் வந்து நிற்பார்கள். தோல் கம்பெனி ஆட்கள், பீடி சுற்றுகிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள்.

டாக்டரைக் கேட்டு, புதன்கிழமை மத்தியானத்தை அவர்களுக்கென்று வாங்கிக்கொண்டாள் அம்சவேணி. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. எங்கே வலி, எப்போது ஜாஸ்தி, எப்போது கம்மி, தூக்கம் எப்படி, போன வாரம் செய்ய முடியாதது இந்த வாரம் என்ன செய்ய முடிந்தது. சாக்கில் சுற்றிய சுட்ட செங்கல்லால் ஒத்தடம். கால்களைப் பெட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் தரையில் படுப்பது. நாளுக்குப் பத்து அடி அதிகமாக நடப்பது. தோல் விரிக்கும் மரத்துக்குக் கீழே ஒரு கல்லைப் போட்டு ஒரு காலை அதன்மேல் வைத்துக்கொண்டு சதை எடுத்தால் இடுப்புக்குப் பாரம் குறையும் என்று ஒரு கம்பெனி மேஸ்திரியிடம் போய்ப் பேசி, பதினாறு கல் போட வைத்தாள். எல்லாவற்றையும்விட, எதிரே உட்கார்ந்து அவர்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டாள். பாதிப் பேருக்கு அதிலேயே வலி கால்வாசி இறங்கியது.

முதல் அட்டை நைனாவுடையது.

“எவ்ளோ வலிக்குதுன்னு கேட்டா நான் இன்னாத்த சொல்றது?” என்று அன்றைக்கு அவர் யோசித்தார். “சில நாளு ஆட்டுத்தோல் தூக்கினாப்பல இருக்குது. சில நாளு மாட்டுத்தோலு. இன்னிக்கு நனைஞ்ச எருமைத்தோலு. எழுதிக்க.”

அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். பிறகு எல்லாரிடமும் அப்படியே கேட்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்தில் அது புரியாதவர்கள் யாரும் இல்லை. டாக்டரே ஒருநாள், “அம்சவேணி, எனக்கு இன்னிக்குத் தலை எருமைத்தோல்” என்றார்.

முதல் வருஷம் நைனா தேறினார். அது பொய்யில்லை. எருமை மாடாகி, மாடு ஆடாயிற்று. பாலாற்று மணல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பினார். ராத்திரி தூங்கினார். அப்புறம் புதன்கிழமைகளில் நிலையத்து வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்துகொள்வார். யாராவது அழுதுகொண்டு, எனக்கெல்லாம் எங்கே நல்லாகப் போகிறது என்றால், அம்சவேணி ஜன்னல் வழியாகக் கூப்பிடுவாள். அவர் வந்து நின்று, குனிந்து, தண்ணீர் வாளியைத் தூக்கிக் காட்டுவார். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களுக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில் தேறியவர்கள் உண்டு.

அவருடைய அட்டையில் மாதத்துக்கு மாதம் ஆட்டுத்தோல் என்றே எழுதியிருந்தது. அவள் கேட்பாள், அவர் சொல்வார், அவள் எழுதுவாள். சட்டையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. வயசுக்கு வந்த மகள், அப்பாவிடம் அதைக் கேட்கவும் கூச்சம்.

நேற்று வெள்ளிக்கிழமை, வேலூரிலிருந்து பெரிய டாக்டர் ஒருவர் நிலையத்தைப் பார்க்க வந்தார். புதன்கிழமை ஏற்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். அம்சவேணி அட்டைகளை அடுக்கி வைத்தாள், நைனாவையும் வரச் சொன்னாள். அவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, குனிந்து, நிறைந்த வாளியைத் தூக்கி, வேப்பமரம் வரைக்கும் நடந்து, கீழே வைத்துவிட்டு, கும்பிட்டார். பெரிய டாக்டர் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். “வெரி குட், சிஸ்டர்,” என்றார். பத்து வருஷ உத்தியோகத்தில் அவளுக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இன்று காலை ஏழரைக்கு, கொல்லையில் அவள் யூனிபாரத்தை நீலம் போட்டு அலசிக்கொண்டிருந்தபோது, உள்ளே டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. அவள் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர் வந்து குழாயை வைத்துப் பார்த்தார். “ஹார்ட்டும்மா,” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார்.

* * *

அரக்கோணத்தில் ரயில்வேயில் இருக்கும் தம்பி ராஜவேலுவுக்குத் தந்தி போயிருந்தது. அவன் மத்தியான வண்டியில் வந்து சேருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு நாலு பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். உள்ளே பெண்கள் வள்ளியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வந்தவர்களில் பாதிக்கு மேல் புதன்கிழமைக்காரர்கள். ஒவ்வொருவரும் கையைப் பிடித்து, “உங்க நைனாவைப் பாத்துத்தான் நர்சம்மா நான் எழுந்து நடந்தேன்” என்றார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

பதினொரு மணிக்குத் தேவசகாயம் வந்தார். நைனாவுக்குப் பக்கத்து மரத்தில் இருபது வருஷம் சதை எடுத்தவர். மாலையைப் போட்டுவிட்டு, நைனாவின் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் வெளியே போய், பந்தலுக்குள் வராமல், சைக்கிள் பக்கத்திலேயே நின்றார். அம்சவேணி ஒரு சொம்புத் தண்ணீரோடு அவரிடம் போனாள்.

“சித்தப்பா, அணைக்கட்டுக்கு நீங்கதான் கூட்டிக்கினு போனீங்களா?”

தேவசகாயம் சொம்பை வாங்கினார். குடிக்கவில்லை.

“பாத்துட்டியா,” என்றார்.

“எத்தனை தடவை?”

“நாலு. கடைசியா இந்த மாசம் பொறந்து ரெண்டாம் நாளு. பள்ளிகொண்டா வரைக்கும் ஒரு பஸ்ஸு, அங்கேர்ந்து ஒண்ணு. தங்கச்சி மவளுக்கு சீமந்தம்னு உங்கிட்ட சொன்னாரே, அன்னிக்கு.” சொம்பைக் கைமாற்றிப் பிடித்தார். “நான் வேணாம்னுதான் சொன்னேன். பொண்ணு இவ்ளோ படிச்சிருக்குது, அதுகிட்ட சொல்லு, இன்னொரு மருந்து குடுக்கும்னேன்.”

“இன்னா சொன்னாரு?”

“இன்னாத்த சொல்வாரு.” அவர் தூரத்தில் தெரிந்த நிலையத்து ஓட்டுக் கூரையைப் பார்த்தார். “மூணு வருஷம் முன்னால, ஒரு மார்கழி, மழை ஜாஸ்தி. வலி திரும்பி வந்துட்டுது. பழையபடி. சொல்லலாம்னு உங்கிட்ட வந்தாராம். நீ உள்ள ஒரு பொம்பளைகிட்ட பேசிக்கினு இருந்தியாம். அது அழுவுதாம், கிணத்துல வுழுந்துடலாம்னு இருக்குதுன்னு. நீ அதும் கையைப் புடிச்சிக்கினு, எங்க நைனாவுக்கும் இப்படித்தான் இருந்துது, இப்ப பாருங்கன்னு சொல்லிட்டு இவரைக் கூப்புட்டியாம். இவரு உள்ள வந்தாராம். இன்னா நைனா, ஆட்டுத்தோல்தானேன்னியாம். ஆமாம்மா, ஆட்டுத்தோல்தான்னாராம்.”

அம்சவேணிக்கு அந்தப் பெண்ணை நினைவிருந்தது. ரங்கம்மாள். இப்போது உள்ளே அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

“அதுக்கப்புறம் எப்படி மாத்தி சொல்றதுன்னாரு. எம்பொண்ணு பேரு கெட்டுப்புடும், தேவசகாயம்னாரு. அவளை நம்பி இத்தினி பேரு வர்றாங்க, நான் போயி வலிக்குதுன்னு குந்திக்கினா அவங்களுக்கு நம்பிக்கையே வுட்டுப்புடும்னாரு.”

“சூடு போடும்போது...”

“கத்தலம்மா. துண்டை வாயில வெச்சிக்கினாரு.” அவர் சொம்பை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். “ஒரு பத்து நாளு கேக்கும் அது. அந்தப் பத்து நாளு நல்லா இருப்பாரு. உங்கூட ஆறு வரைக்கும் நடப்பாரு.”

சொல்லும்போது அவர் முகத்தில் குற்றம் செய்தவரின் சாயல் இருந்தது. அம்சவேணி அவர் கையைத் தொட்டு, “உள்ள வந்து உக்காருங்க சித்தப்பா, வெயிலு,” என்றாள்.

* * *

முகம் கழுவ வள்ளியம்மாள் கொல்லைக்கு வந்தபோது பன்னிரண்டு மணி இருக்கும். அம்சவேணி தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினாள். காலையில் அலசிய யூனிபாரம் கொடியில் பாதி பிழிந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டவள், உள்ளே போகாமல், விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்தாள்.

“இன்னொண்ணு இருக்குது,” என்றாள்.

அம்சவேணி சொம்பைக் கீழே வைத்தாள்.

“வியாழக்கிழமை சாயங்காலம், நீ ஆஸ்பத்திரிலேர்ந்து வரல. நெஞ்சு மேல கல்லு வெச்சாப்பல இருக்குது வள்ளின்னாரு.”

“எந்தப் பக்கம்?”

“நடுவுல.”

“கையில இழுத்துச்சா?”

“இந்தக் கையி. அப்புறம் இங்க.” வள்ளியம்மாள் தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள்.

“வேர்த்துச்சா?”

“சட்டை நனைஞ்சிப் போச்சு. நான் தொடச்சி விட்டேன்.”

“எவ்ளோ நேரம்?”

“கால் மணி இருக்கும். அப்புறம் சரியாப் போச்சுன்னாரு. அம்சா வரட்டும், சொல்லலாம்னேன். வேணாம், நாளைக்குப் பெரிய டாக்டர் வர்றாரு, அவ மூணு நாளா அட்டை எழுதிக்கினு கீறா, அது முடியட்டும், சனிக்கிழமை நானே சொல்லிக்கிறேன்னாரு.”

இன்று சனிக்கிழமை.

அம்சவேணி நேற்று மத்தியானத்தை நினைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து அட்டைகளைக் கட்டி வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, நைனா வீட்டுக்குப் போகிற வழியில் சாலையோரத்து மைல்கல்லில் உட்கார்ந்திருந்தார். யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரில் யாராவது நின்றார்களா என்று இப்போது யோசித்துப் பார்த்தாள். யாரும் நினைவுக்கு வரவில்லை.

“நான் அன்னிக்கே உங்கிட்ட சொல்லியிருந்தா பொழச்சிருப்பாரா?” என்று கேட்டாள் வள்ளியம்மாள். அவள் மகளைப் பார்க்கவில்லை. விறகிலிருந்து ஒரு சிம்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அம்சவேணிக்குப் பதில் தெரியும். வியாழக்கிழமை தெரிந்திருந்தால் படுக்க வைத்திருப்பாள். எழுந்திருக்க விட்டிருக்க மாட்டாள். டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள். பிழைத்திருப்பாரோ மாட்டாரோ, அது வேறு. வாளியைத் தூக்கியிருக்க மாட்டார்.

“இல்லம்மா,” என்றாள். “அதுக்கு எங்ககிட்ட மருந்தே கிடையாது. வேலூருக்குக் கொண்டு போயிருந்தாலும் இதேதான்.”

வள்ளியம்மாள் நிமிர்ந்து மகளின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

“சரி,” என்றாள். சிம்பைப் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

* * *

ராஜவேலு மூன்று மணிக்கு வந்தான். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆண்கள் உடம்பைக் குளிப்பாட்டினார்கள். அம்சவேணி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ராஜவேலு ஈரக் கையோடு வந்தான்.

“இன்னாக்கா, முதுகுல கட்டு போட்டிருக்குது?”

“புண்ணு இருந்துச்சு.”

“நீ இருக்கும்போதேவா?”

அவன் மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு, விஷயம் தெரியாதவனாகக் கேட்டான். அம்சவேணி, “ஆமா,” என்றாள். “கட்டை எடுக்க வேணாம்னு சொல்லு. அப்படியே இருக்கட்டும்.”

வாய்க்கரிசி போட்டார்கள். அம்மா விழுந்து எழுந்தாள். பாடையைத் தூக்கும்போது தேவசகாயம் முன்னால் வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார். பறைச் சத்தம் தெருமுனை திரும்பி, ஆற்றுப் பக்கமாக இறங்கி, மெல்ல மெல்லத் தேய்ந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஒருவர்பின் ஒருவராகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். ரங்கம்மாள் வள்ளியம்மாளைக் குளிக்க வைத்து, உள் அறையில் படுக்க வைத்து, காலை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில், நைனா கிடந்த இடத்தில் ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். அம்சவேணி ஈரத் தலையோடு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அடுப்பு எரியாத வீட்டுக்குப் பக்ருன்னிசா ஒரு தூக்கில் டீயும், துணியில் சுற்றிய பன்னும் கொண்டுவந்தாள். மசூதித் தெருவில் பீடி சுற்றுகிறவள். ஐம்பது வயசிருக்கும். இரண்டு வருஷமாகப் புதன்கிழமை தவறியதில்லை. வாசலில் நின்று, “நர்சம்மா,” என்று மெதுவாகக் கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

“காலையிலேர்ந்து ஒண்ணும் துண்ணுருக்க மாட்டீங்க. சூடா கீது, குடிங்க. நல்ல மனுசரு. இன்னா பண்றது, ஆண்டவன் எழுதினது அவ்ளோதான்.”

அவள் உட்கார்வதை அம்சவேணி பார்த்தாள். வலது கையைச் சுவரில் ஊன்றி, ஒரு முழங்காலை மட்டும் முதலில் மடக்கி, பாதியில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மீதியை ஒரே இறக்கமாக இறங்கினாள். இறங்கியதும் உதட்டை மடித்துக்கொண்டாள். நிலையத்தில் அவள் எப்போதும் பெஞ்சில்தான் உட்காருவாள். அம்சவேணி உள்ளே வரும்போது முன்பே உட்கார்ந்திருப்பாள்.

டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தாள் பக்ருன்னிசா. அம்சவேணி வாங்கிக் கீழே வைத்தாள்.

“அக்கா, உங்க இடுப்பு எப்படி இருக்கு?”

“அய்ய, இன்னிக்கு அதை எதுக்குக் கேக்கறீங்க. நீங்க டீ குடிங்க.”

“சொல்லுங்க.”

“பரவால்ல நர்சம்மா. கம்மியாத்தான் கீது. ஆட்டுத்தோல்தான்.” சொல்லிவிட்டுச் சிரிக்கவும் பார்த்தாள்.

வேறு நாளாக இருந்தால் அம்சவேணி தலையசைத்திருப்பாள். நல்லது என்றிருப்பாள், அட்டையில் எழுதியிருப்பாள், அடுத்த பேரைக் கூப்பிட்டிருப்பாள். இப்போது பக்ருன்னிசாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளே அம்மா ஒருமுறை விசும்பி அடங்கினாள். டீயின் மேல் ஆடை கட்டத் தொடங்கியது.

பக்ருன்னிசா முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டாள். வாசலைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். புகையிலைக் கறை ஏறிய விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள்.

“நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்,” என்றாள்.

அம்சவேணி காத்திருந்தாள்.

“ஜாஸ்திதான் நர்சம்மா. இடுப்பே இல்ல அது. மொதல்லேர்ந்து இல்ல. ஆம்பிளைங்கல்லாம் குந்திக்கினு இருக்காங்க, எப்படி சொல்றதுன்னு இடுப்புன்னு சொல்லிட்டேன். அப்புறம் நீங்க இடுப்புன்னு எழுதிட்டீங்க.”

“எங்க?”

பக்ருன்னிசா மறுபடியும் வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. அம்சவேணியின் கையை எடுத்து, ஈரத்தில் சில்லிட்டிருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக் கொஞ்சம் சூடாக்கி, புடவை மடிப்புக்குக் கீழே, அடிவயிற்றில் கொண்டுபோய் வைத்தாள்.

அம்சவேணி விரல்களை மெதுவாக விரித்தாள். கையை எடுக்கவில்லை. வெளியே, ஆற்றிலிருந்து திரும்பிய ஆண்கள் வாசல் தொட்டியில் ஒருவர்பின் ஒருவராகக் கால் கழுவும் சத்தம் கேட்கத் தொடங்கியது.